வேறொருவர் எடுக்கிறார்

ஞாயிறு. திருப்பூர் பனியன் கம்பெனியில்
சர்வர் ரூம் ஏசிக்கு மட்டும் லீவில்லை.
டிஎன்எஸ் பட்டியலில் எழுநூற்றுச் சொச்சம் பெயர்கள்.
உயிரோடிருக்கும் மெசின்கள் இருநூற்றுப் பத்து.

சாயப்பட்டறை-பிரிண்டர்.
பட்டறையையே பூட்டி ஒன்பது வருசம்.
நாலு பிங் அடித்தேன்,
வற்றின கிணற்றில் கல் விழுந்தால்கூடச் சத்தம் வரும்.
அழித்தேன்.

செக்கிங்-பழசு, செக்கிங்-புதுசு,
செக்கிங்-ரொம்பப்புதுசு.
மூன்றும் போயின.

மயிலாத்தாள்-பிசி மட்டும்
ஒரே மில்லிசெகண்டில் பதில் சொன்னது.
மயிலாத்தாள் இந்த வேலையை விட்டு
பெருந்துறைப் பக்கம் போய்
மூன்று தீபாவளி போனஸ் ஆகிவிட்டது.
கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால்
கேன்டீனில் டீ டோக்கன் அடிக்கிற மெசின்.
அவள் காலி செய்த முகவரியில் குடியிருந்துகொண்டு
அவள் பெயரைச் சொன்னால்
"சொல்லுங்க" என்கிறது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அதையும்.

கேட்-1. யார் எழுதியது, எதற்கு, குறிப்பில்லை.
பதிலும் இல்லை.
அழித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

திங்கள், எட்டுக்குப் பத்து நிமிசம்.
வாட்ச்மேன் ராக்கியண்ணன் போனில்:
"ஏனுங் மேடம், ரேகை மெசினுக்கு
ஒருத்தரையும் அடையாளந் தெரியலீங்.
ஐநூறு பேரு வெளிய நிக்கறாங்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான்
அதன் சுவிட்சை அணைப்பாராம்.
கரண்டு மிச்சமாகுமே என்று.

கேட்-1. மறுபடி எழுதினேன்.
ஆனால் 'அப்படியொரு பெயர் இல்லை' என்று
ஒரு தடவை கேட்டுவிட்ட சர்வர்
ஒரு மணி நேரத்துக்கு அதையே நம்பும்.

கீழே இறங்கிப் போனேன்.
ராக்கியண்ணன் கோடு போட்ட நோட்டை
தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொருவரிடமும்
இனிசியல் கேட்டுக் கேட்டு.