செவ்வாய் ஒரு மணித்தியாலம்

சுற்றறிக்கையில் இருந்தது:
எல்லாப் பாடமும் அடுத்த மாதமே திரைக்கு.
அதிபரிடம் கேட்டேன்,
எரிந்த கொம்பிரசரின் மணத்தை
எந்தப் பொத்தானை அமத்தி அனுப்புவது?

கண்ணாடியைக் கழற்றி சேட்டில் துடைத்தார்.
"அப்ப எங்க தொடங்கலாம் ஜெஸீமா மிஸ்?"
செவ்வாய், ஒரு மணித்தியாலம்.
அதுவும் ஓம் விதி மட்டும்.

முதல் செவ்வாய்
பதினெட்டுப் பேரில் பதினொரு கறுப்புச் சதுரம்.
ஒன்றுக்குள் ஆடு கத்தியது.
ஒன்றுக்குள் யாரோ பேரம் பேச
பாரைக்குட்டி கிலோ என்ன விலையென்று
வகுப்புக்கே தெரிந்துபோயிற்று.
மைக்கை மூடுங்க, மூடுங்க என்று
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.
மூடியிருந்தது என்னுடையது.

கோமாரி யதுர்ஷிகாவுக்கு
தண்ணீர்த் தாங்கியில் ஏறினால்தான் இரண்டு கோடு.
அக்கரைப்பற்றுக்கு வந்துபோகும் பஸ் காசில்
வீட்டில் ஒரு நேரச் சோறு என்பதால்
ஏழு கிழமை வராமல் நின்றவள்.
விளங்குதா என்றேன்.
முதலில் காற்று இரைந்தது.
பிறகு "ஓம்" என்றாள்.
எந்த ஓம் என்று நான் கேட்க
பதினொரு கறுப்புச் சதுரமும் சிரித்தன.

படத்தை நிறுத்திக் குரலை மட்டும் விட்டோம்,
டேட்டா மாதக் கடைசிவரை வந்தது.
வெள்ளிக்கிழமையும் ஒரு வகுப்புச் சேர்த்தோம்,
ஜும்ஆவுக்கு நேரம் விட்டு.
அடுத்த தவணையில் பெட்டி கட்டினோம்:
மல்ட்டிமீட்டர் ஒன்று,
கெப்பசிட்டர் மூன்று, இரண்டு செத்தது,
எது உயிரோடு என்று எழுதவில்லை.
பொத்துவில் பஸ்ஸில் ஏற்றும்போது
கண்டக்டர் நளீர் கேட்டான்,
"என்ன மிஸ், சீதனமா?"

சனிக்கிழமையை மட்டும் கொடுக்கவில்லை.
செப்புக் குழாய் ஒட்டும் சுடரின் நீலம்
கமராவில் வெள்ளையாகத் தெரியும்.
அதை நம்பிப் பழகினவன் குழாயை ஓட்டையாக்குவான்.
"சனியையும் மாத்தினா அறிக்கை வடிவா இருக்கும்" என்றார் அதிபர்.
அறிக்கைக்குக் கை சுடாது சேர், என்றேன்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகொரு செவ்வாய்,
பாடத்தின் நடுவே யதுர்ஷிகா:
"மிஸ், மாமாட வாடியில ஐஸ்பெட்டி நிண்டுட்டு.
டக் எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்ல.
உள்ளுக்கு நாளைக்கு ஏத்துற மீன்."
முதலில் பிளக்கைக் கழற்று.
கழற்றினாள்.
படத்தைப் போடு.
உப்புத் தின்ற தகடுகள் திரையில் வந்தன,
எங்கள் பட்டறையில் இல்லாத பழுது அது.
கொம்பிரசர் பக்கம் மணந்து பார், என்ன மணம்?
"தெரியா மிஸ்... ரயர் எரிஞ்ச மாதிரி.
ரயரும் இல்ல."

வைண்டிங் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூன்று மாதம் பேசாத ஒரு சதுரம் பேசியது.
பொத்துவில் அஸ்ஜத்.
"மிஸ், ஓவர்லோட் ரிலேயா இருக்கும்.
நான் வேலை செய்ற ஹோட்டல்லயும்
இப்பிடித்தான் சொல்லத் தெரியாம மணத்த."
பெட்டியில் இருந்த மீட்டரை எடுத்து வை, என்றேன்.
அவளுடைய சின்ன விரல் நடுங்கியது.
"பதினொரு ஓம் மிஸ்."
வைண்டிங் உயிரோடு இருக்கிறது.
அடுத்து ரிலேயை எப்படிக் கழற்றுவது என்று
நான் தொடங்க
வாய் திறந்தபடி அவள் உறைந்துபோனாள்.
கோமாரியில் கரண்ட் இல்லை.

அன்று இரவு முழுக்கப் போனைப் பார்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.
மாமா பாதி மீனைக் கருவாட்டுக்குப் போட்டாராம்.
மீதிக்கு ஐஸ் பிடித்ததாம்.
ஷொப்பிங் பையில் சுற்றிய கருகின ரிலேயை
வணக்கமும் சொல்லாமல்
என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மணந்தேன்.
ரயர் இல்லைதான்.
இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த மணம்,
அதற்கு என்னிடமும் சொல் இல்லை.

பதினெட்டுப் பேரிடமும் ரிலே கை மாறியது.
ஆளுக்கொரு சொல் எழுதச் சொன்னேன்,
செவ்வாய்க்கிழமை வாசிக்க.