இல்லாவிட்டால்

நவம்பரில் மரிபோர் நாலரைக்கே இருட்டிவிடும்.
திரையில் ஒரு திருத்தம் காத்திருக்கிறது.
சேர்ப்பு பதினொரு வரி,
நீக்கம் பதினாலாயிரத்துச் சொச்சம்.
அனுப்பியவர் ஓஸ்லோக்காரர், ஹால்வார்.
அவர்மேல் கோபப்படப் பார்த்தேன்.
வரவில்லை.

நானூற்று எண்பத்தாறு என்ற அந்தச் சில்லு
எனக்குப் பால்பல் விழுந்த வருஷத்தில் வந்தது.
அதன் மலிவு ரகத்துக்குத் தசமப் புள்ளி ஆகாது.
எட்டு பைட்டை ஒரே மூச்சில் மாற்றத் தெரியாது.
இதுவரை எத்தனை துடிப்பு கடந்தது என்று கேட்டால்
கையை விரிக்கும்.
அதனால் கெர்னலுக்குள் மூலைக்கு மூலை
எழுதி வைத்திருக்கிறோம்:
இருந்தால், இப்படிப் போ.
இல்லாவிட்டால்
சுற்றிக்கொண்டு வா.

அந்த இல்லாவிட்டால்களுக்குக் காவல் நான்.
சம்பளம் கிடையாது.
ஒரு கோப்பில் ஒரு வரி:
பராமரிப்பவர், ஸ்லாவ்கா ஹ்ரிபர்.

யார் எதைப் புதிதாக எழுதினாலும்
ஒரு நொடி நின்று இதற்கு வழிவிட வேண்டும்.
தொண்ணூற்றாறு கோர் ஓடும் இயந்திரங்கள்
பந்தியில் உட்கார்ந்தாயிற்று.
நடுவே ஓர் இலை,
தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து,
காலியாக.
ஹால்வார் கேட்பது அவ்வளவுதான்:
அவர் வருவாரா?

விசாரித்தேன்.
இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பதில்.
போகோமிர், மர ஆலை, ட்ராவோகிராடுக்கு மேலே.
பலகை உலர்த்தும் அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்வது
இன்னும் அந்தச் சில்லுதானாம்.

சனிக்கிழமை ஆற்றோரமாகவே ஓட்டிப் போனேன்.
நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.
அறை முழுக்க ஊசியிலைப் பிசின் வாசம்.
பெட்டிமேல் விரற்கடை உயரத்துக்கு மரத்தூள்,
விசைக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளில்
'கை வைக்காதே.'
எந்தப் பதிப்பு ஓடுகிறது என்றேன்.
பதிப்பு என்றால்? என்றார்.
நானே தட்டிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷத்துக் கெர்னல்.
என் ஒன்பது வருஷத்தில்
ஒரு வரிகூட அதற்குள் போனதில்லை.
காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார்:
ஓடுகிறதே, அதை ஏன் மாற்றணும்?

திரும்பும் வழியெல்லாம் கணக்கு.
வெளிவந்த ஒவ்வொரு பதிப்பையும்
இந்தச் சில்லில் ஏற்றிப் பார்த்தது யார்?
எங்கள் வீட்டு நிலவறை, துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கம்,
முப்பத்திரண்டு மெகாபைட், பழுப்பேறிய பெட்டி.
எழுந்திருக்க நாலு நிமிஷம் நாற்பது வினாடி.
அதன் முன்னால் முக்காலியில்
கோட்டைக் கழற்றாமல் நான்.

இலை போட்டவளும் நான்,
வந்து சாப்பிட்டவளும் நான்.

வாதாட ஒன்று உண்டு.
நாலு வருஷத்துக்கு முன்
வேகக்காரர்கள் எல்லோரும் தாண்டிப் போன ஒரு பிழையில்
இது மட்டும் தடுக்கி விழுந்தது.
மெதுவாக நடந்ததால் குழி தெரிந்தது.
எழுதினேன் அதை, ஹால்வாருக்கு, நீளமாக.
படித்துப் பார்த்தேன்.
ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை.
அழித்தேன்.

பிறகு வேலையைப் பார்த்தேன்.
பதினாலாயிரத்தையும், வரி வரியாக.
சிலதை எழுதியவளே நான்தான், அடையாளம் தெரியவில்லை.
சிலதில், ஏன் இப்படி என்று நானே அதட்டிக் கேட்டிருந்தேன்.
விடிகாலை இரண்டரைக்கு ஒன்று அகப்பட்டது.
ஓர் இல்லாவிட்டாலைக் கூடுதலாக வெட்டியிருந்தார்.
அது இந்தச் சில்லுக்கானதல்ல,
இன்றும் கடையில் விற்கிற
ஒரு மலிவுச் சில்லுக்கு அதைவிட்டால் வேறு பாதை இல்லை.

எழுதினேன்:
'நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைத் திரும்ப வையுங்கள்.
மற்றதெல்லாம் சரி.
பராமரிப்பவர் கோப்பில் என் பெயரும் போகட்டும்,
அதை மறந்துவிட்டீர்கள்.
சோதித்தவர்: ஸ்லாவ்கா ஹ்ரிபர்.'

அனுப்பிவிட்டுக் கீழே போய்ப்
பெட்டியை முடுக்கினேன், காரணமில்லாமல்.
நினைவகத்தை எண்ணத் தொடங்கியது.
நிதானமாக, எப்போதும்போல.

அது எண்ணி எழுந்து
பெயர் கேட்பதற்குள்
ஹால்வாரின் பதில் வந்துவிட்டது.