டென்

பினாங்கு மாஜிஸ்திரேட் கோர்ட், இரண்டாம் மாடி.
ஏர்கோன் ஒழுகும் இடத்தில் ஒரு நீல வாளி.
ரெங்கநாதன் த/பெ சன்னாசி என்று கூப்பிட்டதும்
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்,
கோயிலுக்குள் வருகிறவர்போல.

போலீஸ் அறிக்கையில் அந்த இடம் சாராங்.
மலாயில் குருவிக்கும் அதுதான், சூதாட்டத்துக்கும் அதுதான்.
வக்கீல் எழுந்து டென் என்றார்.
ஆங்கிலத்தில் அங்கே சிங்கம் படுத்திருக்கும்,
திருடர்கள் பங்கு பிரிப்பார்கள்,
ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் அபின் புகைந்தது.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
மொழிபெயர்ப்பாளர் நான்.

தமிழ் முதலில் கேட்கும்: எந்தப் பிராணி?
சிங்கமென்றால் குகை. நண்டென்றால் வளை.
பாம்பென்றால் புற்று, அதுவும் கறையானிடம் பறித்தது.
நாற்பத்தொன்பது வயது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்,
இடது முழங்காலில் பெல்ட்.
இவருக்கு?

படங்களைக் காட்டினார்கள்.
பூட்டிய கடையொன்றின் மேல்மாடி,
ஆறு பிளாஸ்டிக் நாற்காலி,
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி கிடந்த மைலோ டின்.
பக்கத்துச் சுவருக்கு அப்பால் வாலிட் குருவிகள்.
ஒலிபெருக்கியில் பொய்க்குருவி கத்தி அழைக்க
மெய்க்குருவி வந்து எச்சிலால் கட்டுகிறது.
அந்தக் கூடு கிராம் கணக்கில் விலைபோகும்.
அதன்மேல் வழக்கில்லை.

"சீட்டாடிய இடம்" என்றேன் கடைசியில்.
விலங்கை வெளியே நிறுத்திவிட்ட திருப்தி எனக்கு.
அவர் தலையாட்டினார்:
"மாடிதாம்மா அது. அங்க காத்து வரும்."

ஒப்புக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறு அபராதம்.
"கூண்டைவிட்டு இறங்கலாம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
பணம் கட்டும்வரைக்கும் என்று
அவர் மணிக்கட்டில் மாட்டியதற்கும்
தமிழில் அதே பெயர்.

ஜெலுத்தோங்கில் பதினாறாம் மாடி என் வீடு.
விற்பனைத் தாளில் மூன்று அறை, ஒரு டென்.
ஜன்னல் இல்லாததால்
அதை அறை என்று எழுத முடியாதாம்.
ஃபேக்டரி மூடிய மார்ச்சிலிருந்து
என் கணவர் அதற்குள்தான்.

கதவடியில் வெளிச்சம் இல்லை.
சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.
வைத்த விதம் பிடிக்கவில்லை.
எடுத்தேன். பால்கனி மேஜைக்குக் கொண்டுபோனேன்.
இன்னொரு தட்டும் போட்டேன்.

"வாங்க" என்றேன்,
"இங்க காத்து வருது."