துறைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்

மார்த்தினிக் தீவில், த்ருவாஸிலே படகுத்துறையில்
காலை ஆறரைப் படகைக் கட்டுவது என் வேலை.
பதினேழு வருடம்.
கயிறு என்னிடம் ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

அன்று
கை நழுவிப் போயிற்று என்பார்களே,
அது மெய்யாகவே நடந்தது:
கயிறு அங்கேயேதான் இருந்தது,
கைதான் நழுவிப் போயிற்று.

"கட்டு, லியோனீட்!" மேலிருந்து கத்தினான் ஃபுல்ஜான்ஸ்.
கட்டுகிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"சனிக்கிழமை" என்று வந்தது.
திரும்ப முயன்றேன். சனிக்கிழமை.
பயணி ஒருவர் சிரித்தார்.
அன்று செவ்வாய்.

ஃபோர்-து-ஃபிரான்ஸ் ஆஸ்பத்திரியில்
சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை,
இரத்த அழுத்தம் பள்ளிப் பிள்ளையுடையது போல.
நல்ல இதயம் என்றார்கள்.
நாற்பத்தொரு வயதில் முதல்முறை ஒருவர்
என்னை அப்படிப் பாராட்டியது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு
மாத்திரையோடு அனுப்பிவைத்தார்கள்.
கோடு போட்ட இடத்தில்
செய்வினை என்று எழுதிக்கொண்டாள்
பக்கத்து வீட்டு எதெல்பெர்த்.

ஐந்து மாதத்தில் சொற்கள்
நனைந்த நாய்கள் மாதிரி
ஒவ்வொன்றாய் வீடு திரும்பின.
பிறகு ஒரு காலை, பல் துலக்கும்போது,
மறுபடியும் எல்லாம் ஓடிப்போயின.

இம்முறை படத்தைப் பார்த்தவள்
இரவுப் பணியிலிருந்த உர்சூலே.
எல்லோரும் நேராகப் பார்த்ததை
அவள் சாய்த்துப் பார்த்தாள்.
இடது கழுத்தில், தமனி இரண்டாய்ப் பிரியும் இடத்தில்,
பாலாடை கனத்தில் ஒரு மடிப்பு.
அடைப்பு இல்லை. புண் இல்லை.
சும்மா நீட்டிக்கொண்டிருந்தது,
பிறந்த நாளிலிருந்தே இருக்கலாமாம்.

அறுவை மருத்துவர் எலியஸார்
தாளில் வரைந்து காட்டினார்.
மடிப்பைத் தாண்டிய இரத்தம் அதன் பின்னால்
திரும்பி, சுற்றி, நின்று, உறைந்து...

எனக்கு இது தெரியும்.
துறையின் பின்மூலையில் தினமும் பார்க்கிறேன்.
தேங்காய் மட்டை, நுரை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
எல்லாம் அங்கே வட்டமடித்துக் காத்திருக்கும்.
காற்று திசை மாறுகிற நாளில்
ஒரே கும்பலாய்க் கிளம்பிப் போகும்.

சொல்ல வரவில்லை.
அவர் பேனாவைப் பிடுங்கி
தமனியின் மேலேயே ஒரு படகை வரைந்தேன்,
இடது கையால், கோணலாக.
வெகுநேரம் பார்த்தார்.
"ஆமாம்" என்றார்.

வலைக்குழாய் வைத்து மடிப்பைச் சுவரோடு அழுத்தலாம்,
அல்லது திறந்து வெட்டி எடுக்கலாம்.
இரண்டிலும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்று
எதையும் மறைக்காமல் சொன்னார்.

"இடிச்சிடுங்க."
ஐந்து வாரத்தில்
பிசகாமல் வந்த முதல் சொல் அதுதான்.

எடுத்ததைக் குப்பியில் காட்டினார்கள்.
நகத்துணுக்கு அளவுகூட இல்லை.
இதற்கா என்று கொஞ்சம் அவமானமாக இருந்தது.

இப்போது டிக்கெட் கிழிக்கிறேன்.
கயிறு வேறொருவனிடம். முடிச்சு சரியில்லை,
சொல்வதில்லை.
தழும்பு சட்டைக் காலருக்குள் பாதி மறையும்.

எல்லாச் சொற்களும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.
எழுத வருகிறது, வாயில் வர மறுக்கிறது.
வார இறுதிப் படகு எப்போது என்று கேட்பவர்களிடம்
வெள்ளிக்கு மறுநாள் என்கிறேன்.