பேருந்துக்குள் பெய்த பனி

ஊலுவிலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டு
உத்ஸ்யோக்கி வந்து சேர்ந்தேன்.
சட்டைப்பையில் ஒரு கடிதம்.
நூலகப் பேருந்தின் மாரெத் எழுதியது, மூன்றே வரி:
"உங்கள் உலாவி என் கணினியைத் தின்கிறது.
ஒரு புத்தகம் பதிவதற்குள் காப்பி ஆறிப்போகிறது.
நேரில் வந்து பாருங்கள்."

எங்கள் வேலையில் யாரும் நேரில் போவதில்லை.
எண்கள் வரும். கோடு மேலே ஏறினால்
முகம் சுளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவோம்.
எனக்கு நான்கு நாள் விடுப்பு மிச்சமிருந்தது,
அதைத் தாண்டிப் பெரிய காரணம் ஏதுமில்லை.

தேனோ ஆறு உறைந்து கிடந்தது.
அக்கரை நார்வே, இக்கரையில் பேருந்து,
இரண்டின் மேலும் ஒரே பனி.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
பதினொரு வயதுக் கணினி,
இரண்டு ஜிபி நினைவகம்.
எங்கள் உலாவியின் யானைப்பசிக்கு
அது சோளப்பொரி.
விசிறி மூச்சிரைத்தது,
மலையேறி வந்தவர் பேசமுடியாமல் நிற்பதுபோல.

"எத்தனை தாவல் திறந்திருக்கிறீர்கள்?" என்றேன்.
படிக்கட்டில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஊலா
மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தார்:
"எத்தனை மான் என்று எங்களிடம் கேட்பவனும்
தெற்கத்திக்காரனாகத்தான் இருப்பான்."

அறுபத்தொன்று. நானே எண்ணினேன்.
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கையேடு, ஊலா கேட்டது.
செவிலி கேட்ட சாமி மொழிப் படக்கதை.
கருந்துளை பற்றி ஏதாவது, எதுவானாலும் சரி, பக்கம் குறைவாக.
பெயர் மறந்துபோன ஒன்று, அட்டை நீலம்,
கடைசியில் நாய் செத்துவிடுமாம்.
யாரோ கேட்டது, அவள் இன்னும் தேடிக் கொடுக்காதது,
ஒவ்வொன்றும் ஒரு தாவல்.

"மூடிவிடலாமே" என்றேன்.
வழக்கமாக நாங்கள் சொல்வதுதான்.
அவள் பதில் சொல்லவில்லை.
என் காப்பிக் கோப்பையை மட்டும்
சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சரி. மூட வேண்டாம், தூங்கட்டும்.
முகவரி இருக்கட்டும், தலைப்பு இருக்கட்டும்,
உடம்பை மட்டும் இறக்கிவைக்கட்டும்.
தொட்டால் எழுந்து வரும்.
அதற்கொரு பொத்தான் உண்டு,
அமைப்புகளின் ஏழாவது பக்கத்தில்.
அங்கே ஒளித்துவைத்தது நாங்கள்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அறுபது தூங்கின.
விசிறி தூங்கவில்லை.

விழித்திருந்தது ஒரே ஒரு தாவல்,
நூலகத்தின் முகப்புப் பக்கம்.
டிசம்பரில் யாரோ ஆசையாய்த் தூவிய அலங்காரம்:
வெள்ளைத் துகள்கள் மேலிருந்து கீழே.
மார்ச் பாதி போயும் பெய்துகொண்டிருந்தது.
திரையின் அடியைத் தாண்டிய துகள்
கண்ணுக்கு இல்லை, கணக்கில் இருந்தது.
எங்கோ ஒரு பட்டியல்
ஒவ்வொன்றின் பெயரையும் விடாமல் பிடித்திருந்தது.
பெயரைப் பிடித்த கை ஒன்று இருக்கும்வரை
குப்பை அள்ளும் நிரல் அதைத் தொடாது.
விதி நல்ல விதிதான்.
"அணைத்துப் போட்டால் எழ இருபது நிமிடம்,
அதனால் அணைப்பதே இல்லை" என்றாள்.
ஆக, நூறு நாள் பனி.
வெளியே தள்ள ஊலா இருந்தார்.
உள்ளே ஒருவருமில்லை.

"இந்த ஒன்றை மட்டும்?"
தலையசைத்தாள்.
மூடினேன்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபது மெகாபைட்
தயங்கி,
ஐந்நூற்று நாற்பதில் வந்து உட்கார்ந்தது.
விசிறி நின்றது.
ஹீட்டரின் முனகல் அப்போதுதான் கேட்டது,
கடைசி அலமாரியில் யாரோ பக்கம் புரட்டுவதும்.

மாரெத் ஒரு புத்தகத்தைக் காட்டினாள்.
'பீப்.'
இன்னொன்று. 'பீப்.'
என் கோப்பையைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.
ஆவி பறந்தது.

நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.
அவள் புதிதாக ஒரு தாவல் திறந்து
தட்டச்சு செய்தாள்:
நீல அட்டை, நாய்.

மறுபடி அறுபத்தொன்று.