சித்ரா, அஸ்கர், ஹித்

விசாவில் அவர் தொழில்
கனரக வாகன ஓட்டுநர்.
பெயர் வில்பிரட் நேசரத்தினம்.
ஊர் மட்டக்களப்பு,
கல்லடிப் பாலம் தாண்டி மூன்றாவது ஒழுங்கை.
நாற்பத்தேழு இருக்கை பஸ்,
பாதி நாள் ஏசி வேலை செய்யாது.
எனக்கு அவருடைய தேவனைத் தெரியாது.
அவருடைய கிளட்ச் தெரியும்,
மூன்று முறை நான்தான் மாற்றினேன்.

சித்ரா என்பது பஹ்ரைனில் ஒரு தீவு.
'சித்ராவில்தான் தங்கியிருக்கிறேன்' என்று போனில் சொன்னதற்கு
என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.
அந்தத் தீவில் காலை நாலரைக்கு
கேம்ப் வாசலில் ஆளேற்றுவார்.
ரிஃபைனரிக் குழாயின் உச்சியில் எரியும் தீயைக் காட்டி
'அணையாத நெருப்பப் பாத்தீங்களா' என்று தொடங்கினால்
அஸ்கர் வரைக்கும் பிரசங்கம்.
ஒருவனும் தூங்க முடியாது.
அவர் பிரேக் போடும் இடத்தில்தான்
ஆமென்.

மெதடிஸ்த் என்றால் என்ன என்று கேட்டேன்.
'முறையாச் செய்யிற ஆக்கள்' என்றார்.
'டயருக்குக் காத்துப் பாக்கிற மாதிரி
நாளாந்தம் ஆத்துமாவப் பாக்கிறது.'
பழைய போதகர்கள் குதிரையில் சுற்றினார்களாம்,
அந்தச் சுற்றுக்குச் சர்க்கிட் என்று பேராம்.
எனக்குக் கிடைச்ச குதிர அசோக் லேலண்ட் என்று
ஸ்டியரிங்கைத் தட்டினார்.

ஜூலையில்,
வெயிலுக்குப் பயந்து அரசாங்கமே வேலையை நிறுத்தும் மதியங்களில்,
ஷட்டரிங் பலகை நிழலில் எழுப்புதல் கூட்டம்.
முனியராஜ் சீட்டுக்கட்டைக் கிழித்துப் போட்டான்.
கிழித்தவன் மறுவாரம் புதுக்கட்டு வாங்கினான்.
இரண்டையும் நோட்டில் எழுதினார்:
'விழுந்தான். எழும்புவான்.'
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
சிமெண்டுப் பை அட்டையை வெட்டி
பெயரெழுதிச் சீட்டுக் கொடுப்பார்.
பஸ் ஏற அது வேண்டியதில்லை,
ஆனாலும் தொலைத்தவர்கள் திரும்ப வந்து கேட்டார்கள்.

பிறகு ஜெபஸ்டின்,
இரணியல் பையன்.
ராத்திரி பதினொன்றுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
அவரிடம்தான் ஓடிவந்தான்.
ஆஸ்பத்திரிக்கு என்று யாரோ சொன்னது
அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.
நெஞ்சில் கைவைத்து,
பதினாறு பேர் சுற்றி நின்று,
தகரக் கூரை அதிர.
விடிந்தபோது ஜெபம் முடிந்திருந்தது,
ஜெபஸ்டினும்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்
அந்த பஸ்ஸில் எஞ்சின் மட்டுமே பேசியது.
நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.
'என் கை' என்று மட்டும் இருக்கிறது,
மேலே பேனா அழுத்தி அழுத்தித் தாள் ஓட்டையாகி.

ஒரு காலை, படியில் ஏறிய முதல் ஆளிடம் கேட்டார்:
'உள்ளுக்க எப்பிடி இரிக்கி, மனே?'
அடுத்தவனிடமும். நாற்பத்தேழு பேரிடமும்.
பிரசங்கம் அவ்வளவுதான், சாகும்வரை.
யாராவது 'நெஞ்சு கனக்குது' என்றால்
எல்லாரையும் ஏற்றியபடியே
பஸ் சல்மானியா ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்.
கம்பெனி சம்பளத்தில் பிடித்தது.
எத்தனை தினார் என்பதும் நோட்டில் உண்டு.
சிலர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி
இருக்கையில் உட்கார்ந்ததும் அழுதார்கள்.
வண்டியை மெதுவாக ஓட்டுவார், அன்றைக்கு.

பெட்டி கொழும்புக்குப் போன வாரம்
மனாமாவில் வாடகை ஹாலில் ஆராதனை.
ஆயிரம் ஆத்துமாக்கள் என்றார் கோட்டுப் போட்ட ஒருவர்.
ஜெபஸ்டின் பெயரைச் சொல்லவில்லை.

புது ஓட்டுநர் பெஷாவர்க்காரர், குல்சமான்.
படியேறும் நம்மாட்கள்
கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டு போகிறார்கள்:
'பரவால்ல', 'இன்னைக்குச் சரியில்ல', 'பரவால்ல'.
தமிழில் இதுதான் சலாம் போலும் என்று
அவரும் திருப்பிச் சொல்கிறார்,
'பர்வாலே, பர்வாலே.'

நோட்டு என் டூல்ஸ் பெட்டியில்,
கிரீஸ் படாமல் பாலிதீன் சுற்றி.
கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில்
என் பெயர்:
'மெக்கானிக் மீராசா. கிளட்ச் நல்லாப் போட்டான்.
மத்தது இன்னும் கேக்கல்ல.'