பதினோரு நிமிடம்

பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனை ஆலையில்
நூற்று நாற்பத்திரண்டு உணரிகளுக்கு நான் பொறுப்பு.
கொதிகலனுக்கு நான்கு, எடைமேடைக்கு இரண்டு,
மிச்சமெல்லாம் லோரிகளிலும் மணிக்கட்டுகளிலும்.
பட்டைக்குப் பேர் கிடையாது.
குலை சரியும்போது அது அனுப்புவது
எண்ணும் எழுத்தும் குழைந்த ஒரு சரம்.
சரங்களைக் கட்டத்தில் அடைப்போம்;
ஒரு கட்டத்தின் முத்திரை அடுத்ததன் நெற்றியில் விழும்.
ஒன்றைச் சுரண்டினால்
பின்னால் வந்ததெல்லாம் காட்டிக்கொடுக்கும்.
எடையைக் குறைத்து எழுத
இனி எந்தக் கிராணியாலும் ஆகாது.
இதைச் சொல்லித்தான் கட்டச் சொன்னேன்:
"எடை தெரியும். ஆள் தெரியாது."

செவ்வாய்க்கிழமை என்சிக் ரஸ்லான் திரையைத் திருப்பினார்.
"தினமும் பத்து நாற்பதுக்கு, பதினாலாம் நிரையில்,
இந்த ஒன்பது-எஃப்-ஏழு
பதினோரு நிமிடம் அசையாமல் நிற்கிறதே.
யார் இது?"
குரலில் கோபமில்லை.
எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வைத்திருந்தார்.

தெரியாது என்றேன்.
சங்கிலிக்குத் தெரியாது, அது உண்மை.
எனக்குத் தெரியும்.
மூன்று வாரம் ஒரே முகமூடியில் நடந்தால்
முகமூடியே முகம்.
பட்டை செய்தவர்கள் இதை யோசிக்கவில்லை.
நானும்தான்.

அன்றிரவு மழை.
சர்வர் அறையில் ஏசி ஒழுக, கீழே பெயிண்ட் வாளி.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
எல்லாப் பட்டைக்கும் ஒரு நாள் ஆயுளில்
புனைபேர் போட்டேன்;
பெரட்டில் பிறந்து, சங்கு ஊதினால் சாகும் பேர்.
இடத்தை நிரையாகப் பதியாதே,
டிவிஷனாகப் பதி என்றேன்.
மாதக் கடைசியில் அவரவர் சாவி
கூட்டுத்தொகையை மட்டும் நிரூபிக்கும்:
இத்தனை டன் என்னுடையது.
எந்த நாள், எந்த மரம், கேட்காதே.

அனுமதி?
பராமரிப்புக் குறிப்பில் 'மேம்பாடு' என்று எழுதினேன்.
அந்தக் குறிப்பும் கட்டத்தில் ஏறியது,
தவமலர் த/பெ இருளப்பன் என்று
என் முழுப்பேரோடு,
இனி யாராலும், என்னாலும்,
அழிக்க முடியாதபடி.

புதன்கிழமை, பத்து நாற்பது.
இரண்டாம் டிவிஷனில் யாரோ நிற்கிறார்கள்.
யாரோ நடக்கிறார்கள்.
ரஸ்லான் திரையை ஒருமுறை பார்த்து
டீசல் கணக்குக்குப் போய்விட்டார்.

அந்தப் பதினோரு நிமிடம் எதற்கு என்று
நீங்களும் கேட்கக் கூடாது.
பதினாலாம் நிரை என்றேனே,
அதுவும் பொய்.